அரசியல் நிர்ணய சபை இன்று கூடினால்

ஆண்டுதோறும் ஜனவரி 26 அன்றும் நவம்பர் 26 அன்றும் நம் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் ஒரு வாக்கியம் உண்டு: இந்தக் குடியரசை உருவாக்கியவர்கள் இன்று உயிரோடு இருந்திருந்தால் இரத்தக் கண்ணீர் வடித்திருப்பார்கள். எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் அந்தக் கண்ணீர் நடப்பு ஆட்சிக்காக. ஆளுங்கட்சிக்காரர் சொன்னால் அது முந்தைய ஆட்சிகளுக்காக. அழுவதாகச் சொல்லப்படுகிறவர்களின் வாக்குமூலத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் நம் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் பேசியவை பன்னிரண்டு தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. சில ஆண்டுகளாக அந்தத் தொகுதிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்து வருகிறேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. ஏதேனும் ஒரு செய்தி நாளிதழில் அடிபடும்போது அது குறித்து அந்தச் சபையில் யார் என்ன பேசினார்கள் என்று தேடிப் போவதே என் வழக்கம். அப்படித் தேடிப் போன ஒவ்வொரு முறையும், ‘அவர்கள்’ என்று நாம் ஒருமித்துச் சொல்லும் கூட்டம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து சண்டையிட்டுக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

1946 டிசம்பர் 9 அன்று கூடிய அந்தச் சபை வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபையன்று. சொத்தும் படிப்பும் உடையவர்களுக்கு மட்டுமே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த காலத்தில் அமைந்த மாகாணச் சட்டசபைகள் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. சமஸ்தானங்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பிரிவினைக்குப் பிறகு எஞ்சிய 299 பேரில் தர்பங்கா மகாராஜாவும் இருந்தார், பழங்குடி மக்களின் குரலாக எழுந்த ஜெய்பால் சிங்கும் இருந்தார், சோஷலிசம் பேசிய பேராசிரியர் கே. டி. ஷாவும் இருந்தார், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தாட்சாயணி வேலாயுதனும் இருந்தார். அடிப்படை உரிமைகளின் முதல் வரைவைப் பார்த்துவிட்டு, இது ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று 1947 ஏப்ரலிலேயே சொன்ன கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோம்நாத் லாகிரியும் பிரிவினை வரை அங்கே இருந்தார். இவர்கள் அனைவரும் சேர்ந்து இன்றைய அரசைப் பற்றி ஒரே தீர்ப்பு வழங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். அன்றைய வாக்கெடுப்புகளில் தோற்றவர்களே இன்று தீர்ப்புச் சொல்ல அதிகத் தகுதி உடையவர்கள் என்பது என் எண்ணம். வென்றவர்களோ தங்கள் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பார்கள்.

முதலில் 356ஆவது பிரிவை எடுத்துக்கொள்வோம். மாநில அரசைக் கலைக்கும் இந்த அதிகாரம் ஒருபோதும் பயன்படாமல் வெறும் எழுத்தாகவே கிடக்கும் என்று தாம் நம்புவதாக 1949 ஆகஸ்டில் அம்பேத்கர் சபைக்குச் சொன்னார். அதே விவாதத்தில் எச். வி. காமத் என்ற உறுப்பினர் ஒரு சிறிய சொற்றொடரைப் பிடித்துக்கொண்டார். ஆளுநரின் அறிக்கை கிடைத்தால் ‘அல்லது வேறு வகையில்’ திருப்தி அடைந்தால் குடியரசுத் தலைவர் நடவடிக்கை எடுக்கலாம் என்றிருந்த இடத்தில், அந்த ‘வேறு வகையில்’ என்பது விஷமத்தனமானது, பேய்த்தனமானது, அதை நீக்கிவிடுங்கள் என்று மன்றாடினார். நீக்கவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 1991 ஜனவரி 30 அன்று, தமிழ்நாட்டில் கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்டபோது, அன்றைய ஆளுநர் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலேயே காரியம் நடந்தது. அதற்கான வழி அந்த ‘வேறு வகையில்’தான். பஞ்சாபில் 1951இல் தொடங்கி நூறு முறைக்கு மேல் இந்தப் பிரிவு பயன்பட்டிருக்கிறது. 1994இல், இந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பொம்மை வழக்கின் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த பிறகுதான் அதன் வேகம் தணிந்தது. இன்றைய ஒன்றிய அரசை மட்டும் கூண்டில் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வசதியாக இராது. ஏனெனில் இந்தப் பிரிவை மிகத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் அச்சபையில் பெரும்பான்மையாக இருந்த கட்சியின் வாரிசுகளே.

ஆளுநர் பதவியின் கதையும் இதைப் போன்றதே. மாகாண மக்கள் நேரடியாக வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் 1947இல் சபை முடிவு செய்திருந்தது. 1949 மே மாத இறுதியில் அந்த முடிவு கைவிடப்பட்டு, குடியரசுத் தலைவர் நியமிப்பவரே ஆளுநர் என்றானது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரும் மோதிக்கொள்வார்கள் என்ற அச்சமும், உள்ளூர் அரசியலில் ஒட்டாத பெரிய மனிதர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையும் அந்த மாற்றத்துக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நேரு இரண்டாவது காரணத்தை வலியுறுத்திப் பேசினார். மசோதாக்களுக்கு ஒப்புதல் அளிக்கும் விஷயத்திலும் ஒரு திருத்தம் நடந்தது: நாடாளுமன்றம் அனுப்பும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவதானால் ‘ஆறு வாரங்களுக்குள்’ அனுப்ப வேண்டும் என்று வரைவில் இருந்ததை எடுத்துவிட்டு ‘கூடிய விரைவில்’ என்று மாற்றினார்கள். காலவரையறை வேண்டும் என்று அப்போதும் எழுந்து வாதாடியவர் காமத்தான். அதே ‘கூடிய விரைவில்’ ஆளுநருக்கான 200ஆவது பிரிவிலும் இடம்பெற்றது.

அதன் பலனைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிடப்பில் இருந்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்பதும் கிடையாது, ஆனால் காரணமின்றிக் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஆறு வாரத்தை அடித்துவிட்டு எழுதிய இரண்டு சொற்களின் பொருளைத் தேடித்தான் இத்தனை நீதிபதிகளும் இத்தனை மாதங்களும் செலவாகின.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் பிடித்து நிறுத்திய விவாதம் தடுப்புக் காவலைப் பற்றியது. 1949 செப்டம்பரில், விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைப்பதற்கான விதிகள் சபையின் முன் வந்தன. இன்று அது 22ஆவது பிரிவு. அடிப்படை உரிமைகள் என்ற தலைப்பின் கீழேயே தடுப்புக் காவலுக்கு இடம் தரும் அரசியல் சட்டம் உலகில் அரிது என்பதை அச்சபையில் இருந்த வழக்கறிஞர்கள் அறியாதவர்களல்லர். தேராதூனைச் சேர்ந்த காங்கிரஸ்காரர் மகாவீர் தியாகி எழுந்தார். வெள்ளையர் ஆட்சியில் பலமுறை சிறை சென்றவர் அவர். வரைவுக் குழுவினர் அதில் உறுப்பினராவதற்கு முன் சிறைக் காவலின் அனுபவத்தைக் கொஞ்சம் பெற்றிருக்க வேண்டும் என்பது தம் ஆசை என்றும், அதற்காக டாக்டர் அம்பேத்கர் தம்மை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். இனிமேல் அந்த அனுபவத்தைப் பெற முயல்கிறேன் என்று அம்பேத்கர் இடைமறித்தார். தியாகி விடவில்லை: பிரிட்டிஷ் அரசு அளிக்காத அந்தப் பாக்கியத்தை, உங்கள் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கும் இந்த அரசியல் சட்டம் உங்கள் வாழ்நாளிலேயே உங்களுக்கு அளிக்கும் என்று உறுதி கூறுகிறேன் என்றார்.

அம்பேத்கருக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த பட்டேல், இதற்காகத் தாம் தூக்கமின்றிக் கழித்த இரவுகள் பல என்றார்; கொண்டும் வந்தார். அடிப்படை உரிமைகளைப் பற்றிய முதல் பெரிய வழக்கே அதிலிருந்துதான் பிறந்தது: சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கு. அவர் பெரும்பாலும் தோற்றார். 1971இல் மிசா, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1982இல் நம் மாநிலத்தின் குண்டர் சட்டம் என்று வரிசை நீண்டது. கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் சொல்லித் தொடங்கிய அந்தக் குண்டர் சட்டத்தில் 2004இல் திருட்டு வீடியோ விற்பவர்கள்கூடச் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தை எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்டிக்காத கட்சியும் இங்கு இல்லை, ஆட்சிக்கு வந்ததும் பயன்படுத்தாத கட்சியும் இல்லை. நெருக்கடி நிலையின் கசப்பை நேரில் அனுபவித்தவர்கள் 1978இல் 44ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, காவல் நியாயமா என்று பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இன்றுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. தியாகி இன்று வந்தால் அழமாட்டார். சிரிப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சபையினர் எல்லோரும் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அரசியல் நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றமாகத் தொடர்ந்தது. அந்த நாடாளுமன்றம்தான், முதல் பொதுத் தேர்தலுக்குக்கூடக் காத்திராமல், 1951 ஜூனில் முதல் திருத்தத்தை நிறைவேற்றியது. தாங்கள் எழுதிய பேச்சுரிமையைத் தாங்களே சுருக்கிக்கொண்டார்கள். அதற்குக் காரணமான வழக்குகளில் ஒன்று, சென்னை அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பத்திரிகைக்கு விதித்த தடையைப் பற்றியது. அதே திருத்தம்தான், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு செண்பகம் துரைராஜன் வழக்கில் ரத்தானதற்கு மாற்றாக 15(4)ஐச் சேர்த்து இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது என்பதால், தமிழ்நாட்டில் நாம் அந்தத் திருத்தத்தின் ஒரு பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். மற்றப் பாதியும் அதே கைகள் எழுதியதுதான். இன்றைய அரசின் வழக்கறிஞர் ஒருவர் அந்தச் சபையின் முன் நிறுத்தப்பட்டால், எதிர்வாதத்துக்கு இந்த ஒரு திருத்தமே அவருக்குப் போதும்.

தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1949 ஜூனில் பேராசிரியர் ஷிப்பன் லால் சக்சேனா, தலைமைத் தேர்தல் ஆணையரின் நியமனத்தை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு உறுதி செய்ய வேண்டும் என்றார். முட்டாளோ, அயோக்கியனோ, ஆட்சியாளரின் கைக்குள் அடங்கியவரோ அந்தப் பதவிக்கு வருவதைத் தடுக்க அரசியல் சட்டத்தில் எதுவுமில்லை என்றால் பதவிக்காலத்தைப் பாதுகாத்து என்ன பயன் என்று அம்பேத்கரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அதை நாடாளுமன்றம் பின்னர் இயற்றும் சட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அந்தச் சட்டம் வர 2023 டிசம்பர் ஆயிற்று. வந்த சட்டப்படி தேர்வுக் குழுவில் பிரதமர், அவர் நியமிக்கும் அமைச்சர் ஒருவர், எதிர்க்கட்சித் தலைவர் என மூவர். இருவர் ஒரு பக்கம். சக்சேனாவின் கணக்குப்படி எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் பெரும்பாலும் நியமனம் நடந்திருக்காது.

மத்திய, மாநில வரிப் பங்கீட்டிலும் ஒரு தோற்ற குரல் உண்டு. கல்வி தர முடியவில்லை, சுகாதாரம் பேண முடியவில்லை, சாலை போட ஏதேனும் பிச்சை போடுங்கள் என்று மாகாணம் மத்திய அரசிடம் வந்து நிற்க வேண்டிய ஓர் அரசியல் சட்டம் எனக்கு வேண்டாம், அதற்குப் பதிலாகக் கூட்டாட்சியைத் துடைத்துவிட்டு ஒற்றையாட்சியையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்னை மாகாணத்திலிருந்து சென்ற கே. சந்தானம் பேசினார். அவர் பிராந்தியக் கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ்காரர், பின்னாளில் மத்திய அமைச்சராக இருந்தவர், ஊழல் ஒழிப்புக் குழுவுக்குத் தலைமை வகித்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவாகக் காரணமானவர். ஜிஎஸ்டிக்குப் பிறகான நிதியமைச்சர்கள் கூட்டங்களில் மாநிலங்கள் பேசுவதைக் கேட்டால், அவர் தம் உரையைத் திரும்பக் கேட்பதாகவே நினைத்துக்கொள்வார்.

உண்மையில் இவர்களில் பலர் நெடுநாள் வாழ்ந்தார்கள், தீர்ப்பும் சொன்னார்கள். நாம்தான் கற்பனையில் அவர்களை எழுப்பிக்கொண்டிருக்கிறோம். 1953 செப்டம்பரில், ஆந்திர மாநில மசோதாவின் மீது ஆளுநரின் அதிகாரங்கள் குறித்து மாநிலங்களவையில் பேசும்போது, இந்த அரசியல் சட்டத்தை எரிப்பதில் நானே முதல் ஆளாக இருப்பேன் என்றார் அம்பேத்கர். கடவுளுக்காகக் கட்டிய கோயிலில் பேய் குடிபுகுந்துவிட்டால் வேறென்ன செய்வது என்று 1955இல் அதற்கு விளக்கமும் தந்தார். அடிப்படை உரிமைகளுக்கான துணைக் குழுவின் தலைவராக இருந்த கிருபளானி, 1963இல் நேருவின் அரசுக்கு எதிராக மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1975இல் நெருக்கடி நிலையின்போது அவரையும் போலீஸ் பிடித்துச் சென்றது. ராஜாஜி தனிக்கட்சியே தொடங்கி, பழைய தோழர்களின் ஆட்சியை ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்று ஊர் ஊராகச் சென்று ஏசினார். தியாகி நேருவின் அமைச்சரவையில் சேர்ந்தார். பிற்பாடு பாகிஸ்தானோடு செய்த தாஷ்கண்ட் உடன்பாட்டை ஏற்காமல் 1966இல் பதவி விலகினார். சீனா பிடித்துக்கொண்ட அக்சாய் சின்னில் ஒரு புல்கூட முளைக்காது என்று நேரு சொன்னபோது, தம் வழுக்கைத் தலையைக் காட்டி, இங்கும்தான் ஒன்றும் முளைக்கவில்லை, அதற்காக இதை வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று அவர் கேட்டதாகச் சொல்லப்படும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தியாகி, சந்தானம், கிருபளானி, காமத், சக்சேனா ஆகிய அனைவரும் காங்கிரஸின் ஆதரவோடு அந்தச் சபைக்குள் வந்தவர்கள். வந்த இடத்தில், தங்கள் கட்சித் தலைமை முன்வைத்த பிரிவுகளைத்தான் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கட்சிக் கொறடா அன்றும் இருந்தார். பல முடிவுகள் காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தில் எடுக்கப்பட்டே சபைக்கு வந்தன என்பதும் உண்மை. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் அம்பேத்கர் காங்கிரஸின் கட்டுப்பாட்டுக்கு நன்றி சொன்னார். உடனேயே, அந்தக் கட்டுப்பாடு முழுக் கெடுபிடியோடு நடந்திருந்தால் இந்தச் சபை ‘ஆமாம் சாமி’களின் கூட்டமாகியிருக்கும் என்றும், நல்லவேளையாகச் சில கலகக்காரர்கள் இருந்தார்கள் என்றும் சொல்லி, காமத், பி. எஸ். தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாகுர் தாஸ் பார்கவா என்று பெயர் பெயராக எண்ணினார். கே. டி. ஷாவையும் குன்ஸ்ருவையும் தனியே சேர்த்துக்கொண்டார். அவர்கள் இல்லாவிட்டால் அரசியல் சட்டத்தின் அடிப்படைகளை விளக்கும் வாய்ப்பே தமக்குக் கிடைத்திராது என்றார். நிறைவுரையின் பிற்பகுதியில் வரும், அரசியலில் தலைவர்கள் மீது வைக்கும் பக்தியைப் பற்றிய எச்சரிக்கையை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். இந்தப் பகுதியை யாரும் காட்டிப் பார்த்ததில்லை.

இன்று வந்தால் அவர்கள் மகிழ்வதற்கும் உண்டு. படிப்பறிவில்லாத மக்களுக்கு வாக்குரிமையா என்று அஞ்சியவர்கள் அந்தச் சபையிலேயே இருந்தார்கள். 1951-52இல் சுமார் 17 கோடி வாக்காளர்களோடு தொடங்கிய பரிசோதனை, 2024இல் ஏறத்தாழ 97 கோடியைத் தொட்டிருக்கிறது. தோற்ற பிரதமர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இதை நம்பிக் கையெழுத்திட்டவர்களே கண்ணால் பார்த்தால் நம்பத் தயங்குவார்கள்.

அதன் பிறகு அவர்களைப் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். முதல் மக்களவை தன் ஐந்தாண்டுக் காலத்தில் 677 நாள்கள் கூடியது; 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை 274 நாள்கள் கூடியது. துணை சபாநாயகரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருந்தும், அந்த ஐந்தாண்டுகளில் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாள்களில், நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிதாக நிறைவேறின. மேலே சொன்ன தேர்தல் ஆணையர் நியமனச் சட்டத்தை மக்களவை நிறைவேற்றியதும் அதே நாள்களில்தான். எதிர்க்கட்சியினர் சிறையில் இருந்தபோது, அரசியல் சட்டத்தைப் பெருமளவு மாற்றிய 42ஆவது திருத்தத்தை நிறைவேற்றிய 1976ஆம் ஆண்டையும் இதன் அருகில் வைத்தே பார்க்க வேண்டும்.

அவர்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வி எதிர்க்கட்சி வரிசையைப் பற்றியதாக இராது என்று நினைக்கிறேன். ஆளுங்கட்சி வரிசையைக் காட்டி, இங்கிருந்து யார் எழுந்து எதிர்த்துப் பேசினார்கள் என்று தியாகி கேட்பார். 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்ந்த பத்தாவது அட்டவணையை அவருக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். கட்சி மாறி அமைச்சரவைகளைக் கவிழ்த்த காலத்துக்கு மருந்தாக வந்த சட்டம் அது. வந்த நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன்படி, அரசு கவிழும் ஆபத்து துளியும் இல்லாத ஒரு சாதாரண மசோதாவில்கூட, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், பதினைந்து நாள்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போய்விடும். அதைத் தீர்மானிக்கும் சபாநாயகரும் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரரே. அவையில் பேசும் நேரமும் கட்சி வழியாகவே பங்கிடப்படுகிறது என்பதால், வாக்களிப்பதற்கு முன்பே பேச்சு நின்றுவிடுகிறது. சட்டமன்றங்களுக்கும் இதே அட்டவணைதான். நம் சட்டமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் அரசின் மசோதாவுக்கு எதிராக வாக்களித்த காட்சியை நான் கேள்விப்பட்டதில்லை.

நம்பிக்கைத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் கட்டளையை மீறுபவருக்கு மட்டும் பதவி பறிபோகட்டும், மற்ற மசோதாக்களில் உறுப்பினர்கள் தங்கள் மனப்படி வாக்களிக்கட்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990இல் பரிந்துரைத்தது. அதன் பிறகு காங்கிரஸ், ஐக்கிய முன்னணி, பாரதிய ஜனதா என்று எல்லாத் தரப்பும் தில்லியில் ஆண்டிருக்கின்றன. மாநிலக் கட்சிகளும் அந்த அமைச்சரவைகளில் மாறி மாறி இடம்பெற்றிருக்கின்றன. அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்க ஓர் அரசும் மசோதா கொண்டுவரவில்லை.